கப்போர்டைத் திறந்தாலே மக்கின வாடையா? எங்கிருந்து வருது, கண்டுபிடிப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்ததும் பல வீடுகளில் இதே புலம்பல்தான்: "தொடைச்சாச்சு, கற்பூரம் போட்டாச்சு, இன்னும் வாடை போகல!" போகாது. பூஞ்சை வளரும்போது வெளிவிடும் வாயுக்கள்தான் அந்த வாடை. ஈரம் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

முதலில் கப்போர்டை மொத்தமாகக் காலி செய்து, ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் திறந்ததும் வாடை அடிச்சா, பிரச்னை பலகையிலோ சுவரிலோதான். சிங்க் அடியில் பேப்பரை விரித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால், சொட்டுக் கசிவுகூடத் தெரிந்துவிடும். பின்சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூமா என்றும் பாருங்கள். பார்ட்டிக்கிள் போர்டு உப்பிவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாத்தத்தான் வேணும்.

வாடை இல்லையா? அப்போ சாமான்தான். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூலையில் அழுகிய உருளைக்கிழங்கு கிடைத்தால் தப்பித்தீர்கள். பூசணம் பூத்த வேர்க்கடலை என்றால் உஷார். "வறுத்தா சரியாயிடும்" என்பார்கள், ஆகாது. அதில் உருவாகக்கூடிய அஃப்ளடாக்சின், கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும் நச்சு. வறுக்கும் சூட்டில் முழுசாக அழியாது. விலையைப் பார்க்காமல் குப்பையில் கொட்டுங்கள். காக்காய்க்கும் வைக்காதீங்க: 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது, இந்த நச்சு ஏறிய கடலைப் புண்ணாக்கைத் தின்றுதான்.