மெய்நிகர் உலகில் ஒரு துண்டு நிலம்

அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ என்னும் கணினி உலகில் நிலம் வாங்கலாம், வீடும் கட்டலாம். புதிதாக நுழையும் நாம் முதலில் பார்ப்பது விலையைத்தான். லிண்டன் டாலர் கொடுத்து 512 சதுர மீட்டர் வாங்கிவிட்டால் நமக்கே சொந்தம் என எண்ணுகிறோம். உண்மையில் அது வாடகை போன்றதே. பெருநிலப்பரப்பில் நிலம் வைத்திருக்க உறுப்பினர் சந்தா வேண்டும். பரப்பு கூடினால் கட்டணமும் கூடும். கட்டத் தவறினால் நிலம் கைவிட்டுப் போகும்.

கட்டுவதற்கு இன்னும் பொறுமை தேவை. ‘பிரிம்’ எனப்படும் பெட்டி, உருளை, கோளம் ஆகியவற்றை நீட்டியும் மெலித்தும் இணைத்தால்தான் சுவர் எழும்பும். ஒவ்வொரு மனையிலும் இத்தனை பிரிம்கள்தான் என்று வரம்பு உண்டு. அலங்கார நாற்காலிகளிலேயே அதைத் தீர்த்துவிட்டால் கூரைக்கு என்ன செய்வது? ஆகவே, ‘சாண்ட்பாக்ஸ்’ என்னும் பொதுத் திடல்களில் முதலில் பழகுவோம். அங்கே காசு கேட்பதில்லை. கட்டியவை சில மணி நேரத்தில் அகற்றப்பட்டாலும் நம் பொருட்பெட்டிக்கே திரும்பி வந்துவிடும்.