மலையில் பெய்யும் மழை சொல்லும் செய்தி

மழை என்றதும் இரப்பர்த் தோட்ட மக்களின் முகம் வாடுவது இயல்பு. மரப்பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. மங்கில் இறங்கிய பாலில் மழைநீர் கலந்தால் விடியலில் பட்ட பாடு வீண். ஆயினும், அதே மழைநீரைக் கவனமாகச் சேர்த்துவைத்து, அதில் என்னென்ன கலந்துள்ளன என்று ஆராயும் இடம் ஒன்று நம் நாட்டில் உள்ளது. பகாங் மாநிலத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கேமரன் மலையில், 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த தானா ராத்தா வானிலை நிலையமே அது.

பெருந்தொழிற்சாலைகளுக்கு எட்டி இருப்பதாலேயே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அமில மழையைக் கண்காணிக்க, மலேசியா உள்ளிட்ட 13 நாடுகள் இணைந்து நடத்தும் கிழக்காசிய அமைப்பில் இந்நிலையமும் ஒன்று. அவ்வமைப்பின் முறையான பணி 2001ஆம் ஆண்டில் தொடங்கியது.

புளிப்பின் கணக்கு

அமிலம் நமக்குப் புதியதன்று. இரப்பர்ப் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் சேர்க்கிறோம். பாலில் மிதக்கும் நுண்ணிய இரப்பர்த் துகள்கள் யாவும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலம் அம்மின்னூட்டத்தைப் போக்கிவிடவே, துகள்கள் கூடிக் கட்டியாகின்றன.

இந்தப் பார்மிக் அமிலம் மழைநீரிலும் மிகச் சிறிதளவு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். காட்டு மரங்கள் பல ஐசோப்ரீன் என்னும் ஆவியை வெளிவிடுகின்றன. வெயிலில் அது காற்றுடன் வினைபுரிந்து மாறும்போது இவ்வமிலமும் உண்டாகிறது. இரப்பரும் ஐசோப்ரீன் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலியே என்பதை இங்கே நினைவிற்கொள்வோம்.

புளிப்பை அளக்க அறிவியலார் பி.எச். என்னும் அளவைக் கையாளுகின்றனர். தூய நீரின் அளவு 7. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். இதில் ஒரு கணக்கு உண்டு: ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்காகும், இரண்டு படி இறங்கினால் நூறு மடங்காகும். மாசு இல்லாத மழையிலும் காற்றிலுள்ள கரியமிலவாயு கரைவதால் அதன் அளவு ஏறக்குறைய 5.6 ஆக இருக்கும். அதாவது, மழை இயற்கையிலேயே சிறிது புளிப்புடையது. 4.6 என்று இறங்கினால், பத்து மடங்கு புளித்துவிட்டது என்பது பொருள்.

மழைநீர் ஒரு கடிதம்

தானா ராத்தாவில் மழைநீரைச் சேர்க்கும் கருவியின் மூடி, மழை விழும்போது மட்டும் தானே திறக்கும். மழை நின்றதும் மூடிக்கொள்ளும். தூசி விழாமல் காக்கவே இந்த ஏற்பாடு. சேர்ந்த நீரை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்கின்றனர். சோடியம் இருந்தால் அது பெரும்பாலும் கடலிலிருந்து வந்தது. கால்சியம் மண் தூசியைக் காட்டும். பொட்டாசியம் மிகுந்தால் எங்கோ மரமும் சருகும் எரிந்துள்ளன என்று ஐயுறலாம். அம்மோனியம் உரத்தையும் கால்நடைச் சாணத்தையும் சுட்டும். சல்பேட்டும் நைட்ரேட்டும் எரிபொருள் புகையின் அடையாளங்கள். இப்புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் வாயுக்களே காற்றில் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. காற்று இவற்றை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூக்கிச் செல்லவும் கூடும்.

பெட்டாலிங் ஜெயாவில் பெய்யும் மழையோடு ஒப்பிட்டால், தானா ராத்தாவின் மழை புளிப்புக் குறைந்தது. எனினும், மலை உச்சியும் புகையிலிருந்து முழுமையாகத் தப்புவதில்லை. 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் எல்லை தாண்டி வந்த புகைமூட்டம் நம் தீபகற்பத்தையே மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

நமக்கு என்ன?

தேயிலைச் செடி புளித்த மண்ணையே விரும்பும். இரப்பரும் அதைத் தாங்கும். அப்படியானால் அமில மழையால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். அளவு மீறிப் புளித்த மண்ணிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் நீரோடு கரைந்து ஓடிவிடும். உரமிட்டும் பயன் குறையும். ஓடைகளில் மீன் வாழ்வது அரிதாகும். மழையைப் புளிக்கச் செய்யும் அதே வாயுக்கள் நம் மூச்சிலும் கலக்கின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் முதியோரும் அதனால் முதலில் துன்புறுவர்.

தொழிற்சாலைப் புகையைத் தொழிலாளி ஒருவர் தடுத்துவிட முடியாது. ஆனால், லயத்தின் பின்புறம் சருகும் குப்பையும் எரிவதை நாம் தடுக்கலாம். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். சருகை மரத்தடியில் பரப்பினால் ஈரம் காக்கும், மக்கி உரமாகும். பிளாஸ்டிக் பைகளை எரிப்பது எவ்வகையிலும் தகாது. அவற்றைக் குப்பை வண்டியில் சேர்ப்பதே முறை. காற்றில் நாம் விடும் புகை காணாமல் போய்விடுவதில்லை. ஏதோ ஒரு மலையில், ஏதோ ஒரு மழையில், அது மீண்டும் மண்ணுக்கே வந்து சேர்கிறது.