தூரத்து அலுமாரி

மேல்தோட்டத்தில் குடியிருப்பவர் உப்புக்கு ஒருதரம், மிளகாய்க்கு ஒருதரம் என்று பலாங்கொடை டவுனுக்கு இறங்கி ஏறினால் அன்றைக்குச் சோறு ஆகாது. பஸ்ஸைப் பெரிதாக்கினாலும் பாதை குறுகாது. எங்கள் பாடசாலைக் கணினி அறையில் நடந்தது இதுதான். அது விளங்க எனக்கு ஒரு தவணை பிடித்தது. நான் தமிழ் ஆசிரியன். வேறு ஆளில்லாததால் அந்த அறையும் என் தலையில்.

அங்கே இருப்பவை 20 திரைகளும் 20 சிறு பெட்டிகளும். உண்மையான கணினி மூலையிலுள்ள சேர்வர் ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளையின் விண்டோஸும் அதற்குள்தான் ஓடுகிறது. இதை மெய்நிகர் டெஸ்க்டொப் என்பார்கள். ஆனால் பிள்ளைகளின் கட்டுரைகள், அவரவர் அமைப்புகள், ஊர்வீடுகளில் வாங்கி ஸ்கேன் செய்த அரபுத்தமிழ்க் கிதாபுகள் எல்லாம் சிங்கப்பூரில் ஒரு வாடகைச் சேமிப்பில் இருந்தன. 40 நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் "சேர், இன்னும் சுத்துது" என்பதிலேயே போகும். பழைய மாணவர் சங்கம் வேகமான இணைப்பு எடுக்கக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் காசு வீணாகியிருக்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். போய்வர 27 மில்லிவிநாடி; எந்த இணைப்பாலும் இதைக் குறைக்க முடியாது. இது என்ன பெரிய நேரமா என்று தோன்றும். விண்டோஸோ திறக்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளை நூற்றுக்கணக்கில் கேட்கும். பலவேளை ஒன்று வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். ஆயிரம் தடவை போய்வந்தால் 27 விநாடி. ஒரே அறைக்குள் என்றால் ஒரு விநாடிகூட ஆகாது. பயனரின் கோப்புகளை டெஸ்க்டொப் ஓடும் இடத்திலேயே வைக்கும்படி மைக்ரோசொப்ட்டும் தன் அஷ்யூர் சேவைக்குச் சொல்கிறது.

சேமிப்பை அறைக்குக் கொண்டுவந்தோம். அப்போதும் மணியடித்ததும் திணறல். நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றும் ஹார்ட் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடினால், விநாடிக்கு நூறு தடவைகூட எடுத்துத் தராது. இருபது பேரும் ஒன்றாகத் திறந்தால் தலைக்கு ஐந்துதான். சுற்றாத எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் தடவை தரும். சங்கத்தின் காசு அதற்குப் போனது.

கிதாபுகளின் ஒரு பிரதியை மட்டும் சிங்கப்பூரிலேயே விட்டிருக்கிறேன். 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது, வெளியே தனிப் பிரதி இல்லாததால், அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பிரதியை யாரும் தினமும் திறப்பதில்லை. அது மெதுவாக வந்தால் போதும்.