உடைந்த நாற்காலி
டேனியல் பெர்செட், 1997
மரம், உயரம் 12 மீட்டர், எடை 5.5 டன்
நாடுகள் சதுக்கம், ஜெனீவா

இந்த நாற்காலியின் மூன்று கால்கள்தாம் முழுமையாக உள்ளன. நான்காவதின் முனையைப் பாருங்கள். அறுத்ததுபோல் நேராக இல்லை. சிம்பு சிம்பாகப் பிளந்து நிற்கிறது. கண்ணிவெடியை மிதித்தவரின் கால் இப்படித்தான் சிதைகிறது.

எதிரே இருப்பது ஐ.நா. அலுவலகம். ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளும் கையெழுத்திட வேண்டும் என்று வலியுறுத்தி, ஹேண்டிகேப் இண்டர்நேஷனல் அமைப்பு 1997 ஆகஸ்டில் இதை இங்கே நிறுவியது. மூன்று மாதங்களுக்கென வைத்தது, மக்கள் ஆதரவால் நிலைத்துவிட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இவ்வகை வெடிகளைப் பயன்படுத்தவோ, தயாரிக்கவோ, சேமிக்கவோ, கைமாற்றவோ கூடாது. கையிருப்பை 4 ஆண்டுகளிலும், மண்ணில் புதைந்தவற்றை 10 ஆண்டுகளிலும் அழித்தாக வேண்டும்.

இலங்கை 2017-இல் இணைந்தது. வடக்கே முகமாலையில், உள்ளூர்ப் பெண்கள் பலரும் பாதுகாப்புக் கவசமணிந்து மண்டியிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி வெடிகளை அகற்றியிருக்கிறார்கள்.

அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா இன்னும் சேரவில்லை. 2025-இல் பின்லாந்து, போலந்து, பால்டிக் நாடுகள் விலக முடிவெடுத்தன.

போர் ஓய்ந்தாலும் புதைத்த வெடி ஓய்வதில்லை. படைவீரர் யார், விறகு பொறுக்க வந்த சிறுமி யார் என்று அது பார்ப்பதுமில்லை. இந்த ஆயுதத்துக்கு முழுத் தடையே தீர்வு. அந்தத் தடை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்த வேண்டும்.