பனி தள்ளும் லொறியும் சூடேறும் எஞ்சினும்: காரணங்காணல் பற்றிய ஒரு குறிப்பு

பனிக்காலத்திலே கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் டீசல் லொறிகளின் முன்புறத்தில் அகன்ற இரும்புத் தகடொன்றைப் பூட்டி, வீதிகளிற் குவியும் பனியைத் தள்ளி அகற்றுவர். புறத்தே வெப்பநிலை உறைநிலைக்கு 20 பாகை கீழே நிற்கையில் இத்தகைய லொறியின் எஞ்சின் அளவுமீறிச் சூடேறுவது முதல் நோக்கில் முரணாகவே தோன்றும். அம்முரணின் அடிப்படையை விளக்குவதே எமது நோக்கமாகும். சமூகத்தையும் இலக்கியத்தையும் ஆராய்வோர்க்கு இப்பொருள் புறம்பானதென எண்ண வேண்டியதில்லை. தோற்றத்திலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும் முறை எத்துறைக்கும் பொதுவானது.

டீசல் எஞ்சினில் எரிபொருள் தரும் சக்தியின் ஒரு பகுதியே வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் ஒரு பங்கு புகையோடு வெளியேற, மற்றொரு பங்கைக் குளிரூட்டும் திரவம் ஏற்றுக்கொள்கின்றது. நீரும் எதிலீன் கிளைக்கோலும் சம அளவிற் கலந்த இத்திரவம் ஏறத்தாழ -37 பாகை செல்சியசு வரை உறையாது. பம்பியினால் உந்தப்பட்டு எஞ்சினைச் சுற்றிவரும் திரவம், தேமோஸ்ரற் திறந்ததும் றேடியேற்றரை அடைகின்றது. அங்கு வெப்பத்தை அகற்றுவது காற்றேயாகும். புறக்காற்று எத்துணை குளிர்ந்திருப்பினும், அது றேடியேற்றரினூடாகப் பாயாவிடிற் பயனில்லை. குளிர் வேறு, குளிர்த்தல் வேறு.

பனியைத் தள்ளும்போது தகடு தாழ்ந்து நிற்கும். லொறி மெதுவாகச் செல்லும். காற்றை உள்ளிழுக்கும் வேலையை விசிறி செய்யும். ஒரு வீதியை முடித்து மற்றொன்றுக்கு விரையும்போதோ தகடு உயர்த்தப்படுகின்றது. அப்போது அது றேடியேற்றருக்கு முன்னே சுவர்போல நின்று, எதிர்வரும் காற்றை மேலும் பக்கங்களிலும் திருப்பிவிடுகின்றது. மேலும், பல லொறிகளில் விசிறியைப் பற்றிச் சுழற்றும் கிளச், றேடியேற்றரைக் கடந்துவரும் காற்றின் சூட்டை உணர்ந்தே முழுமையாகத் தொழிற்படும். கடந்துவரும் காற்றே குறைந்துவிடின் கிளச்சும் உரிய வேளையிற் பற்றாது. கடும் உழைப்பின்போது சூடேறாத எஞ்சின், வெறுமனே ஓடும்போது சூடேறும் விந்தை இவ்வாறே நிகழ்கின்றது.

ஆகவே, 'எந்தப் பாகம் பழுது?' என்பதற்கு முன்னர் 'எப்போது சூடேறுகின்றது?' என்ற வினாவே எழுப்பப்பட வேண்டும். தகட்டை உயர்த்தி விரையும்போது மட்டும் சூடேறின், வேகத்தைக் குறைத்து, தகட்டைத் தரையிற் படாதவாறு சற்றுத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சரித்துப் பார்த்தல் வேண்டும். சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் இறங்குமாயின் காரணம் புலனாகிவிடும். குளிருக்காக முகப்பிற் கட்டிய மறைப்பு அகற்றப்படாதிருப்பினும் இதே விளைவு உண்டாகும். பனியைத் தள்ளும்போதே சூடேறின், விசிறிக் கிளச்சையும் றேடியேற்றர் இடுக்குகளில் அடைந்த சேற்றையும் உப்பையும் நோக்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஓயாது ஓட்டுவதால் தன்னியக்கக் கியர்ப்பெட்டியில் எழும் சூடும் ஈண்டு மனங்கொளத்தக்கது. பல லொறிகளில் அதன் எண்ணெயும் இதே குளிரூட்டும் தொகுதியிலேயே தன் வெப்பத்தை விடுகின்றது. தகட்டைக் கழற்றிய பின்னரும் சூடேறுமாயின் திரவத்தின் அளவு, தேமோஸ்ரற், பம்பி என்பன முறையே சோதிக்கத்தக்கன. கசிவு புலப்படாது திரவம் குறைவதும், அதிற் குமிழிகள் இடையறாது எழுவதும் சிலிண்டர்த் தலையின் கீழுள்ள கஸ்கெற் பழுதுற்றமைக்கு அறிகுறிகளாகலாம். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் எவ்வகையிலும் ஆகாது. பீறிட்டெழும் திரவம் உடலை வேகவைத்துவிடும்.

இனி, இப்பிரச்சினையின் சமூகப் பக்கத்தை நோக்குவோம். திருத்துமிடத்திலே லொறி தகடின்றி, சுமையின்றி, அசையாது நிற்கின்றது. உழைப்புச் சூழலிலிருந்து பிரிக்கப்பட்ட அந்நிலையிற் குறை வெளிப்படுவதில்லை. விளைவாகத் தேமோஸ்ரற் மாற்றப்படும், பின்னர் பம்பி மாற்றப்படும், பாகங்கள் விற்பனையாகும், சூடு மாறாது. இறுதியில் 'ஓட்டத் தெரியாதவன்' என்ற பழி சாரதியின் தலையில் விழும். அவனோ பனிப்புயலில் இரவு முழுதும் முள்ளின் ஏற்ற இறக்கத்தைக் கண்டிருப்பவன். எந்த வேகத்தில், தகடு எந்நிலையில் இருந்தபோது அது ஏறியதென்ற அவனது கூற்றே முதன்மையான சான்றாகும். அதனைக் கேளாது விடுவதால் ஏற்படும் நட்டம் முதலாளியின் பணம் மட்டுமன்று. லொறி நடுவழியில் நின்றால், நோயாளர் வண்டி செல்லவேண்டிய வீதியும் மூடியே கிடக்கும்.

பாகங்கள் யாவும் தனித்தனியே நோக்குமிடத்துச் செம்மையாக இருக்கலாம். குறை அவற்றிடையேயுள்ள தொடர்பில் இருக்கலாம். பொருளை அதன் இயக்கத்தினின்றும் பிரித்து ஆராய்வோர் இவ்வுண்மையைத் தவறவிடுவர். உழைப்பவனின் அனுபவத்தையும் அறிவின் ஊற்றாகக் கொள்ளும் ஆய்வே காரணத்தைச் சென்றடையும். எஞ்சினுக்குப் பொருந்தும் இம்முறை எமது ஆய்வுகளுக்கும் பொருந்துவதே.