முதலாவது கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை நடத்துவோருக்கு

இடம்பெயர்ந்து வந்து ஒரே குடியிருப்பில் வாழும் குடும்பங்கள் பெரும்பாலும் பல ஊர்களைச் சேர்ந்தவை. குழாயடியிலும் நிவாரண வரிசையிலும் தவிர அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளச் சந்தர்ப்பம் குறைவு. இளைஞர்களோ தத்தம் ஊராருடனேயே கூடித் திரிகிறார்கள். இந்நிலையை மாற்ற ஒரு பந்தும் வலையும் உதவும். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் உருவாக்கிய கரப்பந்தாட்டம், 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. செலவு குறைந்த விளையாட்டு என்பதால் அதையே நாம் சிபாரிசு செய்கிறோம்.

காலபோக அறுவடையும் சூடடிப்பும் முடிந்து, சிறுபோக உழவு தொடங்குமுன் உள்ள நாட்களில் நாள் குறியுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களையும் கேட்டே நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

காணியைத் தெரிவு செய்வதில் அவசரம் வேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத நிலம் எவ்வளவு சமமாக இருந்தாலும் அதில் காலடி வைக்கக்கூடாது. கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். பந்து பற்றைக்குள் போனால் சிறுவர்கள் பின்னால் ஓடுவார்கள். எனவே ஆடுகளம் மட்டுமன்றி அதன் சுற்றுப்புறமும் ஆபத்தற்றதாக இருக்க வேண்டும்.

ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். நாற்புறமும் குறைந்தது 3 மீற்றர் வெளி விடுங்கள். நீளப்பக்கம் வடக்குத் தெற்காக அமைந்தால் மாலைச் சூரியன் எந்த அணியினதும் கண்ணில் நேரே படாது. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் 20 மீற்றர் 12 சென்ரிமீற்றர் வந்தால் மூலைகள் சரி. கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம், அது கண்ணுக்குக் கேடு. கயிற்றை முளையடித்துக் கட்டினாற் போதும். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தை 'நேரமிருந்தால் பார்ப்போம்' என்று கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

ஊர்ப் பெயரில் அணி சேர்ப்பதை நாம் விரும்பவில்லை. பழைய பகையும் பெருமையும் வலைக்கு இரு பக்கமும் வந்து நின்றுவிடும். அணிக்கு எட்டுப் பேராகத் திருவுளச்சீட்டில் பிரியுங்கள். நன்றாக ஆடுபவர்களின் பெயர்களை வேறாகக் குலுக்கி, முதலில் அணிக்கொருவராகக் கொடுத்தால் பலம் ஓரளவு சமப்படும்.

முதல் தடவைக்கு ஆறு அணிகள் போதும். தோற்றவர் உடனே விலகும் முறையில், காலையில் ஆர்வத்தோடு வந்தவர் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புவார். ஆகவே மும்மூன்று அணிகளாக இரு பிரிவு வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று ஆட்டங்கள், பிறகு இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி: மொத்தம் ஒன்பது. ஆட்டத்துக்கு முக்கால் மணித்தியாலம் என்று கணக்கிட்டால், காலை 6.30க்குத் தொடங்கி 11 மணிக்குள் பிரிவு ஆட்டங்களை முடிக்கலாம். உச்சி வெயிலில் ஒருவரையும் ஆடவிடாதீர்கள். மாலை 3 மணிக்குத் தொடங்கினால் பொழுதுபடுமுன் இறுதியாட்டமும் முடிந்துவிடும்.

மூன்று சுற்றில் இரண்டை வென்றவர் வெற்றி. முதலிரண்டும் 25 புள்ளி, மூன்றாவது 15. எதிலும் இரண்டு புள்ளி முந்த வேண்டும். பந்தைப் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய விதி இப்போது இல்லை என்பதை மூத்த ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நடுவர் இரு அணிக்கும் உறவினரல்லாதவராக இருப்பது நல்லது.

நுழைவுக் கட்டணம் அறவிடாதீர்கள். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை சொல்லாமலே ஒதுங்கிவிடும். வெள்ளிக் கிண்ணத்துக்குப் பதிலாக மண்வெட்டியோ விதைப் பொதியோ பரிசாகக் கொடுக்கலாம். கொதித்தாறிய நீரும் உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும் மூடிய பானையில் நிழலில் இருக்கட்டும். வரவு செலவை மறுநாளே எழுதிச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள். இரவல் வாங்கிய பானைகளையும் தறப்பாளையும் கழுவித் திருப்பிக் கொடுங்கள். கம்பம் நட்ட குழிகளை மூட மறக்காதீர்கள்; இரவில் மாடு கால் வைத்துவிடும்.