பொங்கல் கரும்பு: வாங்குவதா, விளைவிப்பதா?

மார்கழிக் கடைசியில் பொள்ளாச்சிச் சந்தைப் பக்கம் சென்றால் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சிறு சிறு கட்டுகளாகக் கட்டி விற்பதைக் காணலாம். வாங்குகிறவர்கள் டவுன்காரர்கள் மட்டுமல்லர். ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர் பக்கத்திலிருந்து வந்த விவசாயிகளும் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். போகியன்று மாலை வீட்டுக் கூரையிலும், மாட்டுக் கொட்டகையிலும், கிணற்று மேட்டிலும், பயிர் நிற்கும் வயலிலும் காப்புக் கட்டுவது கொங்கு நாட்டு வழக்கம். அந்தக் காப்புக்கு வேண்டிய மூன்றும் வரப்பிலும் வேலியோரத்திலும் தாமாக முளைத்துக் கிடந்தவை. இன்று அவையும் கடைச் சரக்காகி விட்டன.

கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், மாட்டுக்குக் கயிறு, கொம்புக்குச் சாயம் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால், உழவர் திருநாளில் உழவரே பெரிய வாடிக்கையாளராக இருப்பது தெரியும். பண்டிகைக்காகச் செலவு செய்வது தவறல்ல. உள்ளூர்க் குயவரிடம் பானை வாங்கினால் அந்தப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். நம் நிலத்தில் விளையக் கூடியதை வெளியூர் வியாபாரியிடம் கடைசி நேர விலைக்கு வாங்குவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இந்த நிலை எப்படி வந்தது?

ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், பெரியணை, வடக்கலூர் ஆகிய ஐந்து வாய்க்கால்களில் பாசனம் பெறும் இந்த நிலம் நெல்லுக்குப் பேர் போனது. நெல் இருந்த வரையில் பொங்கலுக்குப் புத்தரிசி வீட்டிலேயே இருந்தது. கூலி உயர்ந்து, ஆள் கிடைப்பது அரிதான பின் வயல்களில் ஒரு பகுதி தென்னந்தோப்பாயிற்று. தென்னை வருமானம் தந்தது. ஆனால் தென்னை ஒன்றையே நம்பியவர் அரிசி முதல் மஞ்சள் வரை கடைக்குப் போக வேண்டியதாயிற்று. வாடல் நோயால் தோப்புகள் நலிந்து வரும் இந்நாளில் இதன் சுமை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

வரப்பில் களைக்கொல்லி தெளிப்பதும் ஒரு காரணம். புல்லோடு பூளையும் கருகி விடுகிறது. பூளை விதை விழுந்து தானே முளைக்கும் செடி. ஏதாவது ஒரு வேலியோரத்தைத் தெளிக்காமல் விட்டு வைத்தால் அடுத்த மார்கழியில் காப்புக்குத் தேவையானது கிடைத்து விடும். ஆவாரையும் அப்படியே.

ஒரு நாள் சந்தையின் ஆபத்து

வாங்குவோர் இவ்வளவு பேர் இருக்கும்போது, நாமே கரும்பு போட்டு விற்றால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அதற்கு முன் 2023-ஆம் ஆண்டுப் பொங்கலின்போது நடந்ததை நினைவில் கொள்வது நல்லது.

தமிழக அரசு ரேஷன் கடைகள் மூலம் பொங்கல் பரிசுத் தொகுப்பு வழங்கி வருகிறது. 2022-இல் தரப்பட்ட தொகுப்பில் முழுக் கரும்பும் இருந்தது. அதை நம்பிப் பல மாவட்டங்களில் விவசாயிகள் செங்கரும்பு பயிரிட்டனர். ஆனால் 2022 டிசம்பரில் வந்த அறிவிப்பில் அரிசி, சர்க்கரை, ரூ.1,000 ஆகியவை மட்டுமே இருந்தன, கரும்பு இல்லை. வெட்டுக்குத் தயாராகக் கரும்பு வயலில் நின்றது. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். அந்த மாதக் கடைசி வாரத்தில்தான் கரும்பும் சேர்க்கப்பட்டது. சுமார் 2.19 கோடி குடும்ப அட்டைகளுக்கு, போக்குவரத்துச் செலவு உட்படக் கரும்பு ஒன்றுக்கு ரூ.33 என்ற கணக்கில், 72 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. இடைத்தரகர்கள் புகுந்து விலையைக் குறைத்து வாங்குகிறார்கள் என்ற புகாரும் பல இடங்களில் எழுந்தது.

பத்து மாதம் பாடுபட்ட பயிரின் கதி, பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு வரை தெரியாமல் இருந்தது. ஆலைக் கரும்பைச் சில வாரம் தள்ளி வெட்டினாலும் ஆலைக்கு அனுப்பலாம். செங்கரும்புக்குத் தை முதல் தேதி போனால் கேள்வியில்லை. ஆகவே முதலில் வீட்டுத் தேவைக்கு, அடுத்து அக்கம்பக்கத்துக்கு, அதன் பிறகே சந்தைக்கு என்ற வரிசையில் போவது சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு.

வீட்டுக்கு ஒரு மூலை

இந்தப் பொங்கலுக்கு வாங்கிய கரும்பிலேயே அடுத்த பொங்கலுக்கு விதை இருக்கிறது. நுனிப் பகுதி இனிப்புக் குறைவு என்று வெட்டி எறிவோம். அந்தப் பகுதியின் பருக்களே நன்கு முளைக்கும். காயம் படாத இரண்டு அல்லது மூன்று பருக் கரணைகளாக நறுக்கிக் கொள்ளவும். நறுக்கும்போது உள்ளே சிவப்புத் திட்டுகள் தெரிந்தாலோ, புளித்த வாடை வீசினாலோ அது செவ்வழுகல் நோயின் அறிகுறி. அத்தகைய கரும்பை விதைக்கு வைக்கக் கூடாது.

தை, மாசி மாதங்களில் கரணையை ஊன்றி விடலாம். குளியலறை, தொட்டி நீர் வழிந்தோடும் இடத்தில் பத்துப் பதினைந்து கரணைகள் போதும். குடும்பத்துக்கும் உறவுக்கும் ஆகும். தொழு உரம் இட்டு, மண் அணைத்து, ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் காய்ந்த சோகையை உரிக்கவும். உயர்ந்த பின் மூங்கில் கட்டி முட்டுக் கொடுத்தால் சாயாது. சாய்ந்த கரும்பு வளைந்து போகும். பூசைக்கும் ஆகாது, விலைக்கும் போகாது.

மஞ்சளுக்கு விதி வேறு. பொங்கலுக்கு வாங்கும் கொத்தில் கிழங்கு முற்றியிருக்காது. அதை விதைக்கு நம்ப வேண்டாம். மாசி, பங்குனியில் அறுவடையான முற்றிய கிழங்கை வாங்கி நிழலில் சேமித்து, வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ ஒன்றரை அடிக்கு அரை அடி இடைவெளியில் நடவும். அப்போதுதான் தை பிறக்கையில் இலை பசுமையாக இருக்கும். முன்கூட்டியே நட்டால் பொங்கலுக்குள் இலை பழுக்கத் தொடங்கி விடும். மஞ்சள் பாதி நிழலைத் தாங்கும் பயிராதலால், வயதான தென்னந்தோப்பில் வெயில் விழும் இடைவெளியில் வரும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும், வடிகால் அவசியம். சில செடிகளைப் பிடுங்காமல் விட்டு வைத்தால் அடுத்த ஆண்டு விதைக் கிழங்கும் நம் கையில்.

விற்க விரும்புவோருக்கு

பண்டிகைச் சந்தையை முற்றிலும் ஒதுக்கத் தேவையில்லை. ஓணத்துக்காக நம் கோவை மாவட்டத்திலிருந்து காய்கறி, வாழையிலை, செண்டுமல்லி ஆகியவை பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளம் போவது நெடுநாள் வழக்கம். ஆனால் அங்கேயும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஓணத்துக்கென்றே செண்டுமல்லியும் காய்கறியும் பயிரிடத் தொடங்கியுள்ளன. வாங்குகிறவர்களே விளைவிக்கப் புறப்பட்டால் விற்பவர் கணக்கு மாறும். இதை எண்ணி, பண்டிகை தவறினாலும் வேறு வகையில் விலை போகும் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சள் கொத்து விற்காவிட்டால் கிழங்கை முற்ற விட்டு விற்கலாம். வாழைக்கு ஆண்டு முழுவதும் கேள்வி உண்டு. செங்கரும்புக்கு அந்த வழியில்லை. அதைப் பயிரிடுவோர் நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்குச் சில சென்ட் மட்டும் போட்டு, உழவர் சந்தையிலோ ஊர்ச் சாலையோரத்திலோ நேரடியாக விற்பது நன்று.

மாட்டுப் பொங்கலில் கவனிக்க வேண்டியவை

உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்கு மாட்டுப் பொங்கலன்று விவசாயிகள் கறவைப் பாலையும், மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களையும் கொண்டு செல்கிறார்கள். பட்டியில் சாணத்தால் தெப்பக்குளம் கட்டி மாட்டை மிதிக்க விடுவதும் நம் பக்கத்து வழக்கம். இவற்றில் பாலும் சாணமும் நம் கொட்டகையில் உள்ளவை. பெரிய செலவு கிடையாது.

கடையில் வாங்கும் எனாமல் பெயின்டைக் கொம்புக்குப் பூசுவதைத் தவிர்க்கவும். மாடுகள் ஒன்றையொன்று நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். காவியும் மஞ்சளும் போதும். நைலான் மூக்கணாங்கயிறு சதையை அறுக்கும். பருத்திக் கயிறு நல்லது. மாட்டுக்குப் பொங்கலை ஒரு கவளம், இரண்டு கவளத்துக்கு மேல் ஊட்டக் கூடாது. சோறு அதிகமானால் வயிற்றில் அமிலம் பெருகி, அசை நின்று, மாடு படுத்து விடும். அப்படி நேர்ந்தால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஆசையாக ஊட்டிய பொங்கலால் கறவை மாட்டை இழந்தால் அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டியதில்லை. இந்தத் தையில் நாலு கரும்புக் கரணை ஊன்றுவோம். ஒரு வேலியோரத்தைக் களைக்கொல்லி படாமல் விட்டு வைப்போம். அடுத்த போகியன்று காப்புக் கட்ட நம் வீட்டுப் பிள்ளைகள் சந்தைக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போவார்கள். பூளை எது, ஆவாரை எது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.